குருவம்மாள் லைனில் இருக்கிறாள்

என் அம்மா குருவம்மாளுக்கு ஸ்ரீ அனந்தவல்லி ஸ்பின்னிங் மில் இரண்டு அநியாயம் செய்தது. முதலாவது, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷினில் மாட்டிச் செத்துப்போன என் அப்பா மூக்கையாவை, வேலை நேரத்தில் குடித்திருந்தான் என்று தன் லெட்டர் பேப்பரில் எழுதியது. இரண்டாவது, அப்படி எழுதியது யார் என்று கேட்க அம்மா போன் செய்தபோது, "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு ஆறு வருஷமும் மூன்று மாதமும் யாரும் அந்தப் போனை எடுக்காதது. இதில் எது பெரிய அநியாயம் என்று கேட்பவர்களிடம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். இரண்டையும் செய்தது ஒரே கைகள்தான், எதற்குத் தராசு?

எங்கள் அப்பா குடிக்கமாட்டார். இதைச் சொன்னதும் உங்கள் முகம் லேசாக இளகுகிறது பாருங்கள், அந்த இளக்கத்தைத்தான் நான் பன்னிரண்டு வயசிலிருந்து பார்த்து வருகிறேன், பாவம், எல்லாப் பிள்ளையும் அப்பனைப் பற்றி இப்படித்தான் சொல்லும் என்கிற இளக்கம். சோடாவின் காரம் மூக்கில் ஏறுகிறது என்று திருவிழாவில்கூடக் கலர் குடிக்காத மனுஷர் அவர். எங்கள் ஊர் நடுவக்குளத்தில் காளி கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றும் பொறுப்பு அவருடையது, பதினோரு வருஷம் ஒரு வெள்ளி தவறாமல் ஏற்றினார், ஷிப்ட் மாறினால் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி நேரம் மாற்றி வாங்கிக்கொண்டு ஓடிவந்து ஏற்றினார். மில்லிலிருந்து அந்தப் பேப்பர் வந்த வாரமே, "இம்புட்டு வருசமும் குடிச்சிட்டுத்தான் ஏத்துனானோ" என்று ஒருவர் கேட்டார், "இருக்கும், அதான் மழையில்லை" என்று இன்னொருவர் சொன்னார், விளக்கு வேறு கைக்குப் போனது, எனக்குப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மக என்று பெயர் வந்தது. எழுதிய கை எங்கேயோ இருந்தது, மை எங்கள் மேல் பட்டது.

அம்மா மூன்று முறை பஸ் பிடித்து மில் வாசலுக்கு நடையாய் நடந்தாள். மூன்று முறையும் வாட்ச்மேன், "போன் பண்ணி நேரம் வாங்கிட்டு வாம்மா, சும்மா வந்தா விடமாட்டாங்க" என்றார். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு, தவமணி அண்ணாச்சி கடையில் தொங்கிய சிவப்பு ஒரு ரூபாய் போனில் ஒரு காசைப் போட்டு, பேப்பரில் அச்சடித்திருந்த நம்பரை அம்மா அழுத்தினாள். பக்கத்தில் நான் நின்றேன், ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவு.

"வணக்கம், அனந்தவல்லி மில்ஸ்" என்றது ஒரு பெண் குரல்.

அம்மா விஷயத்தைச் சொன்னாள். அந்தக் குரல் அப்பா பேரையும் தேதியையும் கேட்டுக்கொண்டது. பிறகு, "டைம் ஆபீஸ்ல கேக்கணும்மா. கொடுக்கறேன், லைன்ல இருங்க" என்றது. அப்புறம் ஒரு பாட்டு வந்தது, வார்த்தை இல்லாத பாட்டு, பொம்மைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அம்மா லைனில் இருந்தாள்.

இனி மில் பக்கம் நடந்ததைச் சொல்லவேண்டும். இதெல்லாம் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியான லில்லிபுஷ்பம் அக்கா பின்னால் என்னிடம் சொன்னது. தகவல் அவருடையது, கோபம் என்னுடையது.

மில் ஆபீசில் ஒரு டெலிபோன் பெட்டி இருந்தது. வெளியிலிருந்து நான்கு லைன் அதற்குள் வரும், உள்ளே இருபத்திரண்டு மேஜைகளுக்குப் பிரிந்து போகும், நடுவில் லில்லி அக்கா காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து யார் யாருக்கு எது எது என்று கொடுப்பார். அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஸ்டார் ஒன்பது அழுத்தி அடுத்தவர் நம்பரைப் போட்டால், உங்களுக்கு வருகிற கால் அவருக்குப் போய்விடும், உங்கள் போன் மட்டும் 'ட்ரி' என்று அரைச் சத்தம் போட்டு, உனக்கு வந்ததை அங்கே அனுப்பிவிட்டேன் என்று ஞாபகப்படுத்தும். மேஜையை விட்டு எழுந்து போகிறவர்களுக்காகச் செய்த வசதி. அனந்தவல்லி மில்லில் அதை மேஜையில் உட்கார்ந்துகொண்டே பயன்படுத்துவது வழக்கம். வேண்டாத கால் வரும் என்று தெரிந்தால் ஸ்டார் ஒன்பதை அழுத்திவிட்டு டீ சொல்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் போன் செய்வார் என்று ஒரு பேச்சு இருந்தது, அப்பா செத்த விபத்தைப் பற்றி. பதினான்காம் நம்பர், ஆட்கள் வந்துபோகிற கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க் உலகநாதன், யாரிடமும் சொல்லாமல், தன் போனைப் பதினேழுக்குத் திருப்பினார். பதினேழாம் நம்பர் பர்சனல் ஆபீசர் சீதாபதி, யாரிடமும் சொல்லாமல், தன் போனைப் பதினொன்றுக்குத் திருப்பினார். பதினொன்றாம் நம்பர் மேனேஜர் அரங்கநாயகம், இந்த மாதிரி விஷயமெல்லாம் டைம் ஆபீஸ்தானே பார்க்கவேண்டும் என்று, தன் போனைப் பதினான்குக்குத் திருப்பினார். இன்ஸ்பெக்டர் அன்றைக்குப் போன் செய்யவேயில்லை. என் அம்மா செய்தாள்.

பதினான்கில் 'ட்ரி' என்றது, பதினேழில் 'ட்ரி' என்றது, பதினொன்றில் 'ட்ரி' என்றது, மறுபடியும் பதினான்கில் 'ட்ரி' என்றது. கால் சுற்ற ஆரம்பித்தது, நிற்கவில்லை.

முதல் வாரம் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். "இப்படிச் சுத்தவே சுத்தாது சார், மூணாவது ரவுண்டுலயே பெட்டி அறுத்துவிட்டுரும்" என்றார். 'ட்ரி' என்றது. "அறுக்கலை" என்று ஒத்துக்கொண்டார். கரண்டைப் பிடுங்கினார், பேட்டரியைக் கழற்றினார், பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன, பதினேழில் 'ட்ரி' என்றது. எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு அவர் சொன்னார்: "ஒண்ணும் பெரிய வேலையில்லை. மூணு பேர்ல யாராவது ஒருத்தர் ஃபார்வர்டை எடுத்துவிட்டா அவர் மேஜையில கால் நின்னுரும். எடுத்துப் பேசிட்டா முடிஞ்சுது."

இதைக் கவனியுங்கள். முதல் வாரத்திலேயே சொல்லியாகிவிட்டது. ஃபார்வர்டை எடுக்க ஹேஷ் ஒன்பது, இரண்டு பித்தான்.

மேனேஜர், "டைம் ஆபீஸ் கால்தானே, உலகநாதன் எடுக்கட்டும்" என்றார். உலகநாதன், "பர்சனல் சொல்லாம நான் எப்படிங்க சார்?" என்றார். சீதாபதி, "பாலிசி மேட்டர், மேனேஜர்தான்" என்றார். அதற்குள் மூன்று பேர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, வேண்டியவர்களுக்கெல்லாம் அந்த நம்பரைக் கொடுத்துவிட்டார்கள், மேஜைப் போனுக்கு வருகிறவர்கள் வேண்டாதவர்கள் மட்டும்தான் என்று ஆயிற்று. அப்படியே விட்டுவிட்டார்கள். மில் அந்தச் சத்தத்துக்குப் பழகிய விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்கமுடியவில்லை. பேசுகிறவர்கள் 'ட்ரி' வரும் இடத்தில் மூச்சு விட்டுவிட்டு மறுபடி பேசக் கற்றார்கள். டிக்டேஷன் எடுக்கும் டைப்பிஸ்ட் அதைக் கமாவாக வைத்துக்கொண்டார். டீ கொண்டுவருகிற பால்பாண்டி, மேனேஜர் ரூமில் 'ட்ரி' கேட்டபின் கதவைத் தட்டினால் திட்டு விழாது என்று கண்டுபிடித்தார். வெளியூரிலிருந்து நூல் வாங்க வந்தவர்கள் திடுக்கிட்டால், "அது ஒண்ணுமில்லைங்க, ஒரு கால் சுத்திக்கிட்டிருக்கு" என்று பிஸ்கட் தட்டை நகர்த்துவார்கள். மூன்றாவது வருஷம் தொழிற்சங்கம் தீர்மானம் போட்டது. என்ன தீர்மானம் தெரியுமா? ஆபீஸ் ஊழியர்களின் காது நலன் கருதி 'ட்ரி' சத்தத்தைக் குறைக்கவேண்டும் என்று.

இந்தப் பக்கம் நடுவக்குளத்திலோ, முதல் மூன்று நிமிஷம் ஆனதும் தவமணி அண்ணாச்சி, "இன்னொரு ரூவா கேக்குமே, கேக்கலையாம்மா?" என்றார்.

"கேக்கலை அண்ணாச்சி."

"நல்ல பொட்டி" என்றார் அவர், ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து சோறு வந்தது. சாயங்காலம் கடை அடைக்கிற நேரத்துக்கு, போன் ஆபீஸ் லைன்மேன் செல்லப்பா சைக்கிளில் வந்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இது சட்டப்படி தப்பு" என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டே, ரிசீவருக்கும் பெட்டிக்கும் நடுவில் நாற்பது அடி வயரைச் சேர்த்து, கடைக் கூரையிலிருந்து எங்கள் வீட்டு ஓடு வரைக்கும் இழுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு தீப்பெட்டி ஒட்டினாள், உலை வைத்தாள், எனக்குத் தலை பின்னினாள், சுருக்கமாகச் சொன்னால் வாழ்ந்தாள், ஒரு பக்கமாய்ச் சாய்ந்த தலையோடு.

குளிக்கவும் காட்டுக்குப் போகவும் அவள் எழுந்திருக்க வேண்டுமல்லவா? அதற்கு ஊர்ப் பெண்கள் முறை வைத்தார்கள். காலையில் கீழத்தெரு, மத்தியானம் மேலத்தெரு, பிடிக்கிறவள் சத்தமாய்ப் பேசக்கூடாது, பாட்டு நின்று மனுஷக்குரல் கேட்டால் உடனே தட்டைத் தட்டவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் அந்த முறையைக் கேட்டு வாங்கினார்கள், ரிசீவரை வயிற்றில் வைத்தால் உள்ளே பிள்ளை அடங்கிக் கிடக்கிறது என்று, அப்படி அந்தப் பாட்டிலேயே பிறந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் பதினெட்டு. காளி கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த நாதஸ்வரக்காரர் அரை மணி நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அம்மன் புறப்பாட்டுக்கு அதையே விஸ்தாரமாக வாசித்தார், அது மில்லில் காத்திருக்கிறவர்களுக்குப் போடுகிற பாட்டு என்பது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, அடுத்த வருஷம் அது இல்லாமல் அம்மன் நகரமாட்டாள் என்று பூசாரியே சொல்லிவிட்டார். ஒரு ரூபாய் போன்களையெல்லாம் கழற்றுகிற காலம் வந்தபோது கம்பெனி ஆள் வந்தார், கடையில் கொக்கி காலியாகத் தொங்குவதைப் பார்த்தார், வயரைப் பிடித்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தார், "கால் ஓடிக்கிட்டிருக்கு. ஓடுற காலைக் கழட்ட ரூல் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். வருஷா வருஷம் வந்தார், வருஷா வருஷம் அதையே எழுதினார்.

அத்தனை பேரும் அன்பாகத்தான் இருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ரிசீவரைக் கைமாற்றிக் கொடுக்கும்போது, "குடிச்சிருந்தாத்தான் என்ன குருவம்மா, மனுசன் தங்கம்லா" என்பார்கள். அம்மா வாங்கிக் காதில் வைத்துக்கொள்வாள். ஆறு வருஷம் போனைப் பிடித்துக் கொடுத்த ஊரில், அப்பா குடிக்கவில்லை என்று நம்பிய ஒரு கை கிடையாது.

அம்மா பேச்சைக் கேட்டது லில்லி அக்கா ஒருத்திதான். அவருடைய போர்டில் பச்சைச் சாவி என்று ஒரு பித்தான் உண்டு, அதை அழுத்தினால் ஓடுகிற காலுக்குள் அவர் நுழைந்து பேசலாம். பேசலாமே தவிர, சுற்றுகிற காலை வெளியே இழுக்கமுடியாது, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிற கால் என்று பெட்டி கணக்கில் வைத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம், தப்பு செய்த பிள்ளை மாதிரி நுழைந்தார்.

"அம்மா, இன்னும் லைன்லயா இருக்கீங்க?"

"நீங்கதானம்மா இருக்கச் சொன்னீங்க."

ஆறு மாதத்தில் அந்த 'அம்மா'வும் 'நீங்க'வும் உதிர்ந்துபோயின.

"குருவக்கா, சாப்ட்டாச்சா?"

"ஆச்சு. புளித்தண்ணியும் சுட்ட கருவாடும். நீ?"

"தயிர்ச்சோறு."

"நெதமும் தயிர்ச்சோறா? ஏட்டி, உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"ரெண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்க்கா, கருவாடு சுட யாரு இருக்கா எனக்கு? வீட்டுக்காரரு கத்தார்ல கிடக்காரு."

"ஆபீசர் வந்துட்டாரா?"

"மூணு பேரும் வந்துட்டாங்க. இருக்காங்க. எடுக்கமாட்டேங்காங்க."

"சரி. இருக்கேன்."

ஒவ்வொரு நாளும் அந்தப் பேச்சு இந்த 'இருக்கேன்' என்பதில்தான் முடியும். நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. லில்லி அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா மிளகு ரசத்துக்குப் பக்குவம் சொல்வாள், எனக்குக் கணக்கு வரவில்லை என்றால் லில்லி அக்கா பச்சைச் சாவியை அழுத்திக்கொண்டு பின்னம் சொல்லிக்கொடுப்பார். தினமும் மூன்று மேஜைக்கும் நடந்துபோய், "சார், அந்தம்மா இன்னும் இருக்காங்க" என்று சொல்லவும் தவறவில்லை.

நான் வளர வளர எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஒருநாள் கத்தினேன். "வச்சிட்டு வாம்மா. நேர்ல போய் வாசல்ல நின்னு கத்துவோம்."

"கத்துனா வாட்ச்மேன் புடிச்சுத் தள்ளுவான். தள்ளிட்டு, அவளும் குடிச்சிட்டு வந்தாம்பான்."

"அவங்க எடுக்கவே மாட்டாங்க."

"எடுக்கமாட்டோம்னு சொல்லலையே. இருன்னுதானே சொன்னாங்க." தீப்பெட்டித் தாளில் பசையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நான் வச்சேன்னு வையி, கேட்டவளே வச்சிட்டா, கேள்வி தீந்துபோச்சும்பாங்க. நான் வைக்காதவரைக்கும் அது அவங்க தலைக்கு மேலதாம்ட்டி நிக்கும்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்ட ஆரம்பித்தேன்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம் அந்தச் செய்தி வந்தது. ஒரு வியாழக்கிழமை லில்லி அக்கா சாவியை அழுத்தினார், அம்மாதான் முதலில், "என்ன லில்லி, மூச்சு மட்டும் வருது?" என்றாள்.

"பெட்டியை மாத்தறாங்கக்கா. நாளைக்குப் பதினோரு மணிக்குக் கழட்டறாங்க. புதுப் பெட்டியில ஆளே வேண்டாம், அதுவே பேசும், இதுக்கு ஒண்ணை அழுத்து, அதுக்கு ரெண்டை அழுத்துன்னு."

"அப்போ உனக்கு வேலை?"

"நாளையோட சரி."

"எனக்கு?"

"பெட்டி போனா இந்த லைன் செத்துரும்க்கா. வெளியில பிடுங்குறது வேற, இது இடமே போயிருது. மெக்கானிக் சொல்லிட்டாரு."

அம்மாவின் கை பசையிலேயே நின்றது. ஆறு வருஷமும் மூன்று மாதமும் அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியை. அது இனி யாருக்கும் வராத கேள்வியாகிவிடும், பதில் சொல்லாத கடைசி மனுஷர் வரைக்கும் நிம்மதியாக டீ குடிப்பார், அப்பா அவர்கள் எழுதியபடியே செத்தவராக இருப்பார். அன்று ராத்திரிச் சோறு ஆக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குச் சாவி அழுந்தியது.

"குருவக்கா, இங்க ஒரு வசதி இருக்கு. ஷிப்ட் மாறும்போது மில் பூரா அறிவிப்பு குடுப்போம்லா, குழாய் ஸ்பீக்கர். ஓடுற கால் எதையும் அதுல போடலாம். நான் போட்டா நீ பேசறது கார்டிங், ஸ்பின்னிங், குடோன், ஆபீஸ், வாசல், எல்லா இடத்துலயும் கேக்கும்."

"இத்தனை நாளும் இருந்துச்சா அது?"

"இருந்துச்சு."

இதைப் பற்றி நான் பின்னால் லில்லி அக்காவைக் குத்தியிருக்கிறேன். "வேலை போற அன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சாக்கா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். "அஞ்சு வருஷம் முந்தி வந்திருக்கலாமே." "வந்திருக்கலாம். எனக்கும் ரெண்டு பிள்ளைக இருந்துச்சே தமயந்தி" என்றார்.

அம்மா அவரைக் குத்தவில்லை. எழுந்து முகம் கழுவினாள், வேறு சேலை கட்டினாள், அப்பா போட்டோவுக்கு முன்னால் உட்காரவில்லை, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் நின்றுகொண்டாள். முறைக்கு வந்த பெண்கள், தவமணி அண்ணாச்சி, பூசாரி, பாட்டில் பிறந்த சின்னதுகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். பத்து நாற்பதுக்கு மில் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள் கரகரத்தன. ஆறு வருஷமாகத் தயார் செய்த பேச்சு அவளிடம் நிறைய இருந்தது, எனக்கே பாதி மனப்பாடம். அதில் ஒன்றையும் அவள் பேசவில்லை.

"நான் கார்டிங் மூக்கையா வீட்டுக்காரி பேசறேன்" என்றாள். "எட்டாம் நம்பர் மிசின்ல செத்தாருல்லா, அவரு. நான் யாரையும் வைய வரலை. அவரு குடிச்சிருந்தாருன்னு எழுதுனது யாரு? மோந்து பாத்தீங்களா? அம்புட்டுத்தான். நான் லைன்லதான் இருக்கேன்."

கார்டிங்கில் அப்பாவோடு அன்றைக்கு ஷிப்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது, கேட்க யாரும் வராததால் அதைச் சொல்லாமலேயே ஆறு வருஷம் பஞ்சு அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பட்டுராணி என்கிற அம்மாள்தான் முதலில் தன் மிஷினை நிறுத்தினாள். அடுத்தது நின்றது, அதற்கடுத்தது நின்றது, கரண்டு போகாமலேயே ஒரு மில் முழுக்க இறங்கி அடங்குகிற சத்தம் எங்கள் வீட்டு வாசலில் ரிசீவர் வழியே கேட்டது, பெரிய மாடு ஒன்று படுக்கிற மாதிரி. தலையெல்லாம் பஞ்சோடு அவர்கள் ஆபீஸ் பக்கம் நடந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. வந்து டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

மேனேஜர் அரங்கநாயகம் ரூமிலிருந்து ஓடிவந்து, "லில்லி! மைக்கை அணை!" என்று கத்தினார்.

"அணைக்கறேன் சார். உங்க கால்தான், எடுத்துட்டீங்கன்னா தானா அணைஞ்சுரும்" என்றார் லில்லி அக்கா, ஹெட்செட்டைக் கழற்றாமல்.

சீதாபதி குடோனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். குடோனுக்கு யாரும் ஸ்கூட்டரில் போவதில்லை. மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பதினொன்றில் 'ட்ரி' என்றது. ஸ்க்ரூடிரைவரோடு நின்ற மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்து, "சார், பதினோரு மணி" என்றார், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல்.

உலகநாதன் மேஜையிலேயே இருந்தார். இந்த ஆறு வருஷத்தில் அவர் ஒருமுறை லீவு எடுத்து, மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் நடுவில் அந்த 'ட்ரி' வீட்டிலும் கேட்கிற மாதிரி இருந்து, கையில் இருந்த காபியைக் கொட்டியவர் என்று லில்லி அக்கா சொல்வார். அவருக்கு முன்னால் பதினான்காம் நம்பர் போன் இருந்தது. ஜன்னலில் ஒன்பது பஞ்சுத் தலைகள் இருந்தன. பட்டுராணி அம்மாள் உள்ளே பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "எடுங்கய்யா."

அவர் விரல் ஹேஷைத் தேடியது, தெரியாத ஊரில் வீடு தேடுகிற மாதிரி. பிறகு ஒன்பது.

போன் முழுசாக அடித்தது. ஆறு வருஷத்தில் அந்த மூன்று மேஜைகளில் அடித்த முதல் முழு மணி அது, நீளமாக, நிறுத்தி, மறுபடி நீளமாக, குழாய் ஸ்பீக்கர்கள் வழியே மில் முழுக்கவும், ரிசீவர் வழியே நடுவக்குளம் வாசல் வரைக்கும். நான்காவது மணியில் எங்கள் பக்கம் அந்தப் பாட்டு அறுந்தது. இடுப்பில் இருந்த சின்னதுகள் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன, தாய்மார்கள் வாயைப் பொத்தினார்கள். அம்மா முதல் தடவையாகத் தலையை நேராக நிமிர்த்தி, ரிசீவரைக் காதிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்தாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. மறுபடியும் மூச்சு.

"கேக்கேன், சொல்லுங்க" என்றாள் அம்மா.

"அம்மா, டைம் ஆபீஸ் உலகநாதன் பேசறேன். இல்லைம்மா, அவர் குடிக்கலை. எட்டாம் நம்பர் மிசின்ல பாதுகாப்பு மூடியைக் கழட்டி ரெண்டு மாசமா மாட்டலை, அதை மறைக்க பர்சனல் எழுதச் சொன்னாரு, எழுதினது நான்தான், வாசனை அடிச்சதுன்னு என் கையாலதான் எழுதினேன், அன்னிக்கு நான் அவர் பக்கத்துலகூடப் போகலை."